‘இது சிகரெட் இல்லை’: சுவையூட்டிய சிறு சுருட்டும் எமது இளையோரும்

மிசிசாகாவிலும் ஸ்கார்பரோவிலும் இருபது ஆண்டுகளுக்கு முன் மூலைக்கடை நடத்திய எம்மவர்களுக்கு அந்தச் சிறு சுருட்டுகள் நன்றாக நினைவிருக்கும். திராட்சை, பீச், ஸ்ட்ரோபெரி, வனிலா, சொக்லேற் என்று வாய்க்கு இனிமையான பெயர்கள். பளபளக்கும் வண்ணக் குழாய்களில் வந்த அவற்றைத் தூரத்தில் நின்று பார்த்தால் மாணவர் பாவிக்கும் நிறப்பேனை என்றோ பெண்கள் உதட்டில் பூசும் சாயம் என்றோ நினைக்கத் தோன்றும். புகையிலைப் பொருட்களை வெளியே தெரியும்படி அடுக்கி வைக்க ஒன்ராறியோவில் 2008 மே 31இல் தடை வந்தது. அதுவரை லொட்டறிச் சீட்டுக்கும் சூயிங்கத்துக்கும் பக்கத்தில், காசு கொடுக்கும் இடத்திலேயே அவை இருந்தன. சிகரில்லோ என்பது அவற்றின் கடைப்பெயர்.

சிகரெட் வாங்கக் குறைந்தது இருபது கொண்ட பெட்டிக்குக் காசு வேண்டும். அது மத்திய சட்டம். சுருட்டுக்கு அப்போது அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. சில்லறை கையிலிருந்தால் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். கனடிய சுகாதார அமைச்சுக்கு உற்பத்தியாளர்கள் கொடுத்த கணக்கின்படி 2001இல் இந்நாட்டில் விற்ற சிறு சுருட்டுகள் 5 கோடியே 30 இலட்சம். 2007இல் அது 40 கோடியே 30 இலட்சம். சிகரெட் குடிப்போரின் விகிதம் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இது ஏழு மடங்குக்கு மேல் ஏறியது. கிழட்டுச் சுருட்டுப் பிரியர்கள் திடீரென்று பீச் சுவைக்கு மாறியதால் வந்த ஏற்றம் இது என்று எவரும் நம்பமாட்டார்கள்.

சுருட்டு எமக்குப் புதிதல்ல. வலிகாமத்தின் செம்மண்ணில் புகையிலைக்கு இறைத்த கைகள் எமது தாத்தாமாருடையவை. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை போனது. தென்னிலங்கையின் சிங்களக் கிராமங்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக்கடைகளின் வருமானத்தில் ஊரில் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். சுருட்டுக் கொட்டிலில் சுற்றுகிறவர்களுக்குப் பத்திரிகையை உரத்து வாசித்துக் காட்ட ஒருவர் இருப்பார் என்பதும் பலர் கேட்டு வளர்ந்த கதை. அந்தச் சுருட்டுக்கும் இனிப்புப் பாணி காய்ச்சிப் பூசியதுண்டு, ‘கோடா’ என்பார்கள். ஆகவே புகையிலைக்குச் சுவை சேர்ப்பது கனடியக் கம்பனிகள் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஆனால் கோடாச் சுருட்டு எவ்வளவு இனித்தாலும் அது சுருட்டு என்பது பார்த்தவுடன் தெரியும், மணத்தால் இரண்டு வீடு தள்ளியும் தெரியும். அதைப் பத்தியவர் தோட்டத்திலிருந்து வந்து திண்ணையில் குந்திய பெரியவர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கைக்கு அளவாக அது செய்யப்படவில்லை. இங்கு வந்த சிறு சுருட்டோ சிகரெட் அளவு, பெரும்பாலும் சிகரெட்டைப் போலவே பஞ்சு வடிகட்டி, நெடியை மறைக்கும் பழவாசனை.

இது ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதை வெற்றிலைத் தட்டை வைத்தே விளக்கலாம். அம்மம்மாமார் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவித்தான் புகையிலை வைப்பார்கள். சுண்ணாம்பு ஒரு காரப் பொருள். காரச் சூழலில் நிக்கோட்டின் வாயின் மென்தோலினூடாகவே விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும். சுண்ணாம்பில்லாத புகையிலை ‘ஏறாது’ என்று அவர்கள் சொன்னது வேதியியல் படியாமலே கண்ட உண்மை. சுருட்டிலும் இதே கதைதான். சிகரெட்டுக்கான புகையிலையின் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. அதை நெஞ்சுக்குள் இழுத்தால்தான் நிக்கோட்டின் முழுமையாக உடலில் சேரும். காற்றில் உலர்த்திப் புளிக்கவைத்த சுருட்டுப் புகையிலையின் புகை காரத்தன்மையானது. வாயில் வைத்திருந்து ஊதிவிட்டாலும் நிக்கோட்டின் உள்ளே போகும். “நான் உள்ளுக்கு இழுக்கிறேல்லை” என்று சொல்லும் பெடியனுக்கு அந்த இழுக்காமை தரும் பாதுகாப்பு அவன் நினைக்கும் அளவு இல்லை. அதோடு, சிகரெட் வடிவில் வருவதை மனிதர் சிகரெட் மாதிரியே இழுக்கவும் செய்கிறார்கள். வாய் வழி, நுரையீரல் வழி என்று இரண்டு கதவும் திறந்திருக்கின்றன.

பழச்சுவைக்கு இதில் என்ன வேலை? முதற்தடவை புகை இழுப்பவரை இருமலும் தொண்டை எரிவும் குமட்டலும் நிறுத்தப் பார்க்கும். உடல் தானாகப் போடும் வேலி அது. அந்த வேலியைத் தாண்ட முடியாமல் அன்றோடு விட்டவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. இனிப்பும் வாசனையும் அந்தக் கடுமையைத் தணித்து இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு ஆளைக் கொண்டுபோகின்றன. அதன் பிறகு நிக்கோட்டின் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அது சில விநாடிகளில் மூளையை எட்டி அங்கே இன்ப உணர்வைத் தூண்டுகிறது. கூடவே வந்த சுவையையும் மூளை அந்த இன்பத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. நாளடைவில் அந்த வாசனை பட்டாலே வேண்டும் போலிருக்கும். மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருப்பது. பத்தொன்பது வயதில் கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்து விற்பது சட்டப்படி சரி. மூளை அந்தச் சட்டத்தைப் பார்த்து வளர்வதில்லை.

ஒட்டாவா விழித்துக்கொண்டது 2009இல். அன்றைய சுகாதார அமைச்சர் லியோனா அக்லுக்காக் கொண்டுவந்த சி-32 சட்டம் அந்த ஆண்டு ஒக்ரோபரில் நிறைவேறி, 2010 ஜூலை 5 முதல் கடைகளைக் கட்டுப்படுத்தியது. சிகரெட்டிலும் சிறு சுருட்டிலும் மென்தோல் தவிர்ந்த சுவைகளுக்குத் தடை. சிறு சுருட்டையும் இருபதுக்குக் குறைந்த பெட்டியில் விற்கக்கூடாது. அமெரிக்காவில் அதே ஆண்டு வந்த சட்டம் சிகரெட்டின் சுவைகளை மட்டும் தடுத்துச் சுருட்டை விட்டுவிட்டதால், அந்த நேரத்தில் கனடா முன்னே நின்றது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் சிறு சுருட்டு என்றால் எது? சட்டம் ஒரு வரைவிலக்கணம் எழுதியது: 1.4 கிராம் அல்லது அதற்குக் குறைந்த நிறை, அல்லது சிகரெட் வடிகட்டி பொருத்தப்பட்டது. கம்பனிகள் அதை எம்மைவிடக் கவனமாக வாசித்தன. வடிகட்டியைக் கழற்றினார்கள், நிறையை 1.4 கிராமுக்குச் சற்று மேலே ஏற்றினார்கள். இப்போது அது சட்டத்தின் கண்ணில் ‘சிறு சுருட்டு’ இல்லை. ஆகவே திராட்சையும் திரும்பி வந்தது, ஒற்றையாக விற்பதும் திரும்பி வந்தது. முன்பிருந்ததைவிடக் கூடுதல் புகையிலை, வடிகட்டியும் இல்லை! இளையோரைக் காக்க எழுதிய சட்டம் அவர்களின் கையில் இன்னும் கனமான ஒன்றைக் கொடுத்தது. அடுத்து வந்த 2010-2011 தேசிய மாணவர் ஆய்விலும் புகையிலை பாவித்த உயர்பள்ளி மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் சுவையூட்டியதையே பாவித்திருந்தார்கள்.

இந்தத் தந்திரத்தைத் தமிழகத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. அங்கே குட்காவுக்குத் தடை வந்தபோது பான் மசாலா ஒரு பையிலும் புகையிலை இன்னொரு பையிலுமாகப் பெட்டிக்கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. வாங்குபவர் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொள்வார். தடைசெய்யப்பட்ட பொருளைக் கடைக்காரர் விற்கவில்லை, வாங்கியவர் தானே செய்துகொண்டார். மிசிசாகாவில் நிறையைக் கூட்டினார்கள், மதுரையில் பையைப் பிரித்தார்கள்.

ஒன்ராறியோவில் அந்த ஓட்டையை அடைக்கும் சட்டமூலம் மிசிசாகாவிலிருந்தே போனது. மிசிசாகா கிழக்கு-குக்ஸ்வில் உறுப்பினரும் இணைச் சுகாதார அமைச்சருமாக இருந்த திபிகா தமெர்லா முன்வைத்த 45ஆம் இலக்கச் சட்டமூலம் 2015 மே மாதம் நிறைவேறியது. 2016 ஜனவரி 1 முதல் சுவையூட்டிய புகையிலைக்குத் தடை, மென்தோலுக்கு ஓராண்டு அவகாசம். மத்திய அரசும் 2015 டிசம்பர் 14 முதல் 6 கிராம் வரையான சுருட்டுகளுக்குத் தடையை நீட்டியது. ஆனால் வைன், போர்ட், றம், விஸ்கிச் சுவைகளுக்கு அதிலே விலக்குக் கொடுத்தார்கள், அவை ‘பெரியவர்களின் சுவை’ என்ற எண்ணத்தில். பத்தொன்பது, இருபது வயதில் எந்தச் சுவை பெரியவர்களுடையதாகத் தோன்றுமோ அதைத்தான் அந்த வயது தேடும் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

இந்தத் தடைகளால் ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அது சரியில்லை. ஒன்ராறியோவில் மென்தோல் தடைக்குப் பின்னர் மைக்கேல் செயிற்றனும் அவருடைய குழுவினரும் புகைப்போரைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாளாந்தம் மென்தோல் குடித்தவர்கள், மென்தோல் குடிக்காதவர்களைவிடக் கூடுதலான விகிதத்தில் ஓராண்டுக்குள் புகைப்பதை விட்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருந்ததில் சுவைக்கும் பெரும் பங்கு இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம்.

பெற்றோர் கவலைப்படுவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி. எமக்கு அதைவிடப் பெரிய கவலை பத்தொன்பதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். கல்லூரி, பகுதிநேர வேலை, இரவு வேலை, கூட்டாளிகளோடு ஒரு வாகனம். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் படிக்க வந்து நிலக்கீழ் அறையொன்றில் நான்கு பேராக இருப்பவர்களும் இதற்குள் அடக்கம். இவர்களைக் கேட்டால் “நான் சிகரெட் பத்துறேல்லை” என்பார்கள். பொய்யில்லை. சனிக்கிழமை ஒரு சுருட்டு, பரீட்சைக்கு முதல்நாள் ஒன்று. பெட்டி வாங்குவதில்லை, ஒற்றையாக வாங்குவதுதான். தன்னைப் புகைப்பவன் என்று எண்ணாதவனுக்கு விடவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்?

மருத்துவம்கூட இவர்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. அடிமைத்தனத்தை அளக்க உலகெங்கும் பாவிக்கப்படும் கேள்விக்கொத்து ஸ்வீடன் நாட்டவரான கார்ல் ஃபகெர்ஸ்ட்ரோமின் பெயரால் வழங்குவது. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், நாளுக்கு எத்தனை சிகரெட், நோயாகப் படுத்திருந்தாலும் குடிப்பீர்களா என்று அது கேட்கும். நாளாந்தம் சிகரெட் குடிப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்ட கேள்விகள். கிழமைக்கு மூன்று சுருட்டுப் பத்துபவருக்கு அதில் கிடைக்கும் புள்ளி பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் அவருக்கும் ஏக்கம் உண்டு, கிடைக்காத நேரத்தில் எரிச்சல் உண்டு, கூட்டாளியின் வாகனத்தில் அந்த வாசனை வந்தால் கை தானாக நீளும். அளவுகோலில் புள்ளி இல்லை என்பதால் பிடி இல்லை என்றாகாது.

இன்னொரு வழியும் உண்டு, அதைப்பற்றி எமது வீடுகளில் பேசுவதே இல்லை. சுருட்டின் உள்ளே இருப்பதை உதறிவிட்டு அந்தப் புகையிலை உறைக்குள் கஞ்சாவை வைத்துச் சுற்றுவது ‘பிளன்ட்’. 2018 ஒக்ரோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமானதிலிருந்து, “நான் கஞ்சா மட்டும்தான், புகையிலை தொடுவதில்லை” என்று துணிந்து சொல்லும் இளையோரைப் பார்க்கிறோம். உறையே புகையிலை. அதிலும் நிக்கோட்டின் இருக்கிறது. கஞ்சாவை விட்டால் வருகிறது என்று நினைக்கும் எரிச்சலில் ஒரு பங்கு அந்த உறை கேட்கும் எரிச்சலாகவும் இருக்கலாம்.

சுருட்டில் அடைபட்ட சுவை வேறு வாகனத்தில் ஏறியது. மாம்பழமும் ஸ்ட்ரோபெரியும் வேப் கருவிக்குள் போயின. ஒன்ராறியோ 2020 ஜூலை 1 முதல் புதினா, மென்தோல், புகையிலை தவிர்ந்த வேப் சுவைகளைத் தனி வேப் கடைகளுக்கும் கஞ்சாக் கடைகளுக்கும் மட்டும் ஒதுக்கியது. மூலைக்கடையிலிருந்து எடுத்துப் பக்கத்துக் கடையில் வைத்த மாதிரி. நோவா ஸ்கோஷியா 2020 ஏப்ரலிலும் கியூபெக் 2023 ஒக்ரோபர் 31இலும் முற்றாகவே நிறுத்தின. மத்திய அரசு 2021 ஜூனில் நாடு முழுவதற்குமான சுவைக்கட்டுப்பாட்டு வரைவை வெளியிட்டது, ஆனால் ஆண்டுகள் கடந்தும் அது சட்டமாகாமல் இழுபட்டது. அந்த இடைவெளியில் அடுத்ததும் வந்துவிட்டது: உதட்டுக்கும் முரசுக்கும் இடையில் வைக்கும் நிக்கோட்டின் சிறுபை. இம்பீரியல் டொபாக்கோ கனடாவின் ‘சொனிக்’ 2023 ஜூலையில் புகைப்பதை விட உதவும் பொருளாக அனுமதி பெற்றது. புகையிலைச் சட்டத்துக்கு வெளியே நின்றதால் மத்திய வயதுக் கட்டுப்பாடு எதுவுமின்றி, பழச்சுவையோடு, மூலைக்கடையிலேயே விற்பனைக்கு வந்தது. சிகரெட் விற்கும் கம்பனியே சிகரெட்டை விடுவதற்கான மருந்தையும் விற்கிறது, அதையும் சிகரெட் விற்கும் கடையிலேயே வைத்து! ஓராண்டு கழித்து, 2024 ஓகஸ்டில், அன்றைய சுகாதார அமைச்சர் மார்க் ஹொலண்ட் அதை மருந்தகத்துக்குள், மருந்தாளர் நிற்கும் மேசைக்குப் பின்னால் தள்ளினார். சுவையும் புதினா, மென்தோல் இரண்டோடு நின்றது.

எமது கருத்தில் அந்தக் கட்டளைதான் இத்தனை ஆண்டுகளில் வந்ததில் புத்திசாலித்தனமானது. நிறையையோ வடிகட்டியையோ அளக்காமல், சுவை எது, விற்கும் இடம் எது என்ற இரண்டையும் அது நேராகப் பிடித்தது. 2009இல் சுருட்டுக்கு எழுதிய சட்டம் “நிக்கோட்டின் உள்ள எந்தப் பொருளிலும்” என்று தொடங்கியிருந்தால் பதினைந்து ஆண்டுகள் இந்த ஓடிப்பிடித்து விளையாட்டு நடந்திருக்காது.

எதிர்வாதங்களில் இரண்டை மதிக்கவேண்டும். முதலாவது, சிகரெட்டை விட முயலும் நாற்பது வயதுக்காரருக்குச் சுவையூட்டிய வேப் உதவுகிறது என்பது. சிலருக்கு உதவியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. அவருக்கு மருந்தகத்தில் கொடுக்கலாம். அவருடைய பெயரைச் சொல்லிப் பத்தொன்பது வயதுக்காரருக்கு விற்பதுதான் பிரச்சினை. இரண்டாவது, எம்மவர் கடைக்காரர்களின் குறை. ஒழுங்காக வரி கட்டி, இருபத்தைந்துக்குக் குறைந்தவராகத் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்டு வியாபாரம் செய்பவருக்குத் தடை. வாகனத்தின் டிக்கியில் வைத்து விற்பவருக்கு எதுவுமில்லை. எல்லை தாண்டிப் பஃபலோ பக்கம் போனால் பெற்றோல் நிலையத்திலேயே இனிப்புச் சுருட்டு கிடைக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் அதைத் தடுக்க முன்வைத்த விதியும் 2025 ஜனவரியில் மீளப்பெறப்பட்டது. குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குப் பரிகாரம் கள்ள விற்பனையைப் பிடிப்பது, கடையில் மீண்டும் திராட்சையை அடுக்குவது அல்ல. இதே கடைக்காரர்களின் பிள்ளைகளும் பதினேழு வயதில் அந்த மேசைக்குப் பின்னால் நின்று உதவி செய்தவர்கள்தான். ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு தடவை வயது குறைந்தவருக்கு விற்றுத் தண்டனை பெற்றால் அந்தக் கடையில் புகையிலை விற்பனையே மாதக்கணக்கில் நிறுத்தப்படும். கடையைப் பிள்ளைகளிடமோ புதிதாக வந்த மாணவரிடமோ விட்டுப் போகிறவர்கள் இதை முதலில் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

வீட்டிலே எமது பழைய காவல்முறை மணம் பிடிப்பது. சட்டையில் சிகரெட் மணம் வந்தால் பிடிபட்டான். இப்போது வருவது பழவாசனை, அல்லது ஒன்றுமே இல்லை. பெண் பிள்ளைகளை நாம் சந்தேகிப்பதே இல்லை. “சிகரெட் குடிக்கிறியா?” என்று கேட்டால் “இல்லையம்மா” என்ற பதில் உண்மையாகவே வரும். கேட்பதென்றால் சுருட்டு, வேப், சிறுபை, பிளன்ட் என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும், அதுவும் விசாரணை மாதிரி இல்லாமல். குடும்ப மருத்துவரிடமும் இதுதான். அவர் சிகரெட்டைப் பற்றி மட்டும் கேட்டால், மற்றவற்றையும் நாமே சொல்லலாம்.

விட நினைப்பவருக்குக் காசு செலவில்லாத வழிகள் இருக்கின்றன. ரொறன்ரோவின் அடிமைத்தன, உளநல மையம் நடத்தும் ‘ஸ்டொப்’ திட்டத்தில் நிக்கோட்டின் ஒட்டுகளும் சூயிங்கமும் ஆலோசனையும் இலவசம். பல குடும்ப மருத்துவக் குழுக்களும் சமூகச் சுகாதார நிலையங்களும் அதில் இணைந்திருக்கின்றன. 811 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இணைத்துவிடுவார்கள்.